கலையக ஒலிபெருக்கியும் இல்லத்து ஒலிபெருக்கியும்

நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இப்பேச்சு உங்கள் செவியை அடையுமுன் வேறொருவர் செவியைக் கடந்தே வருகின்றது. கலையகத்துக்கு அடுத்த அறையிலே, கண்ணாடிக்கு அப்பால், ஒலிக்குப் பொறுப்பானவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். பேசுபவர் குரல் கம்மினாலும், கையிலுள்ள கடதாசி சலசலத்தாலும் அதனை முதலிற் கேட்பவர் அவரே. ஆனால், அவர் பேசுபவரை நேரே கேட்பதில்லை. இடையிலே ஒலி புகாத சுவரும் தடித்த கண்ணாடியும் உள்ளன. ஓர் ஒலிபெருக்கியின் வாயிலாகவே அவர் கேட்கிறார். நீங்களும் ஓர் ஒலிபெருக்கியின் வாயிலாகவே கேட்கிறீர்கள். இவ்விரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே இனத்தனவா? அல்லவெனின், வேறுபாடு யாது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

ஒலிபெருக்கி என்றவுடன் திருவிழாக் காலத்தில் மரக்கிளையிற் கட்டப்படும் குழாய் சிலருக்கு நினைவு வரலாம். நான் கூறுவது அதனையன்று. பெட்டியினுள்ளே கூம்பு வடிவான தாளோ பிளாஸ்டிக்கோ அதிர்ந்து ஒலி தரும் கருவியையே இங்கு கருதுகிறேன். இவற்றுள், இசையைக் கேட்டு மகிழ்வதற்கென இல்லங்களில் வைக்கப்படுவன ஒரு வகை. அவற்றுள் உயர்ந்தனவற்றை ‘ஹைஃபை’ ஒலிபெருக்கிகள் என வழங்குவர். கலையகங்களிலே ஒலியைச் சோதிப்பதற்கென வைக்கப்படுவன மற்றொரு வகை. இவற்றுக்கு ‘மொனிட்டர்’ என்று பெயர்.

ஒரு காலத்தில் மொனிட்டர் என்பது வானொலி நிலையத்தாருக்கும் இசைத்தட்டு நிறுவனத்தாருக்கும் மட்டுமே உரிய பொருளாக இருந்தது. இன்றோ கையடக்கத் தொலைபேசியும் கணினியும் ஒலிப்பதிவுக் கருவிகளாகிவிட்டன. பாடசாலைகளிலே பாடங்கள் பதிவு செய்யப்படுகின்றன. இளைஞர்கள் தம் வீட்டு அறைகளிலே பாடல்களை ஒலிப்பதிவு செய்கின்றனர். கடைகளிலும் ‘ஸ்டூடியோ மொனிட்டர்’ என்னும் பெயருடன் பெட்டிகள் விற்பனைக்கு உள்ளன. கலையகத்துக்குரியது என்றால் வீட்டுக்குரியதினும் சிறந்ததாகத்தானே இருக்கும் என்று எண்ணிப் பணத்தைச் செலவிடுவோர் பலர். அவ்வெண்ணம் எவ்வளவுக்குச் சரி என்பதைப் பார்ப்போம்.

மொனிட்டர் என்னும் சொல்லுக்கு இலத்தீன் மூலத்தில் எச்சரிப்பவன் என்பது பொருள். பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான். எவன் பாடம் படிக்கவில்லை, எவன் எழுத்தை விழுங்கினான் என்பதை உடனுக்குடன் ஆசிரியருக்குத் தெரிவிப்பது அவன் கடமை. அவனிடத்து இனிமையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. எவனையும் கூட்டியோ குறைத்தோ சொல்லாமையே அவனிடம் எதிர்பார்க்கப்படும் குணம். கலையக ஒலிபெருக்கியின் கடமையும் அத்தகையதே.

இல்லத்து ஒலிபெருக்கியின் கடமை வேறு. பகலெல்லாம் உழைத்துக் களைத்து மாலையில் வீடு திரும்பியவர் சாய்ந்திருந்து ஒரு பாட்டைக் கேட்கிறார். அவருக்கு மகிழ்ச்சி தருவதே அதன் தொழில். தவிலின் முழக்கம் சிறிது கனத்து ஒலித்தால் அவருக்கு இன்பம். தாளத்தின் ஓசை சிறிது பளிச்சென்று கேட்டாலும் இன்பமே. ஆதலின், இல்லத்துப் பெட்டிகளை ஆக்குவோர் பலர் மந்தர ஒலியையும் உச்ச ஒலியையும் சற்றே உயர்த்தி, இடைப்பட்ட ஒலியைச் சற்றே தாழ்த்தி அமைப்பதுண்டு. இதனைக் குற்றம் என்று சொல்லுதல் பொருந்தாது. கொழும்பிலே தேயிலையின் தரம் காண்போர், ஒரே நிறைத் தேயிலையை, ஒரே அளவு கொதிநீரில், ஒரே நேரம் ஊறவைத்துச் சீனியின்றிச் சுவைக்கின்றனர். நாமோ வீட்டிலே பாலும் சீனியும் சேர்த்துப் பருகுகிறோம். நாம் பருகுவது தவறன்று. ஆனால், தரம் காண்பவர் தம் கோப்பையிலே சீனியைக் கலந்துகொண்டால் அவர் தீர்ப்பை எவர் நம்புவர்?

வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கின்றது. மனிதச் செவி ஏறக்குறைய 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள மீடிறன்களைக் கேட்க வல்லது. மீடிறன் என்பது ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை. கலையக ஒலிபெருக்கி இப்பரப்பிலே தன்னால் இயன்ற பகுதி முழுவதையும் மேடு பள்ளமின்றி ஒலிக்க முயல்கின்றது. அது அவ்வாறு ஒலியாதாயின் நிகழ்வது யாது? ஒரு கலையகத்தின் ஒலிபெருக்கி உச்ச ஒலியை மிகையாக ஒலிக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். பொறுப்பாளர் காதிற் பாடகரின் ‘ச’கரமும் ‘ஸ’கரமும் சீறுகின்றன. அவர் தம் கடமையைச் செய்து உச்ச ஒலியைக் குறைக்கிறார். இப்பொழுது அவர் அறையில் எல்லாம் செவ்வையாய்க் கேட்கின்றது. ஆனால், பதிவாகிப் புறப்பட்ட ஒலியோ கம்பளியாற் போர்த்தியதுபோல் மங்கிப் போயிற்று. ஒலிபெருக்கியிலே மிகையாயிருந்தது பதிவிலே குறையாய் மாறிவிட்டது. அதாவது, கலையக ஒலிபெருக்கியின் குற்றம் தலைகீழாக மாறிப் பதிவிலே பதிந்துவிடுகின்றது.

இல்லத்து ஒலிபெருக்கியிற் பிழையிருப்பின் அப்பிழை அவ்வீட்டின் நான்கு சுவர்களுக்குள் அடங்கும். கலையகத்து ஒலிபெருக்கியிற் பிழையிருப்பின் அது கேட்போர் அனைவரது வீட்டுக்கும் செல்லும். திருத்துபவர் எவ்வளவு திறமையுடையவராயினும், எவ்வளவு நேர்மையுடையவராயினும், அவர் நம்பியிருக்கும் கருவி பொய் சொல்லுமாயின் அவர் திருத்தமே பிழையாகும்.

இதனை ஒரு சிறு நிகழ்ச்சியால் விளக்குவேன். எமது பாடசாலையிலே பார்வையற்ற மாணவர் சிலர் கற்கின்றனர். அவர்களுக்காக ஆசிரியர்கள் பாடநூல்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பது வழக்கம். விஞ்ஞான பாடம் ஒன்றைக் கேட்ட மாணவி ஒருத்தி மறுநாள் ஆசிரியையிடம் வந்து, “ரீச்சர், நீங்கள் சொன்னது வளியா, வழியா, வலியா?” என்று கேட்டாள். வளியமுக்கம் பற்றிய பாடம் அது. ஆசிரியை திருத்தமாக உச்சரிப்பவர், வாசித்ததிற் பிழையில்லை. ஆனால், பதிவைச் செப்பஞ் செய்தவர், மண்டபத்திலிருந்த பளிச்சென்ற ஓசையுடைய பெட்டியிலே அதனைக் கேட்டு, ஓசை கூர்மையாயிருக்கிறதென்று உச்ச ஒலியைத் தாராளமாகக் குறைத்திருந்தார். லகர ளகர ழகரங்களை நம் செவி பிரித்தறிவது பெரும்பாலும் குரலின் அடிநாதத்தினாலன்று. அதற்கு மேலே எழும் நுண்ணிய ஒலிக்கூறுகளினாலேயே. அக்கூறுகள் மங்கியதும் மூன்றெழுத்தும் ஒன்றுபோல் ஆயின. கண்ணுள்ள பிள்ளை நூலைத் திறந்து பார்த்துக்கொள்ளும். அப்பிள்ளைக்கு நூல் என்பதே அந்தக் குரல்தான்.

இனி, கட்டமைப்பிலுள்ள வேறுபாடுகளைக் காண்போம்.

முதலாவது, கேட்கும் தூரம். வீட்டிலே நாம் ஒலிபெருக்கியிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் தள்ளி அமர்கிறோம். பிள்ளைகள் ஒரு பக்கம், விருந்தினர் ஒரு பக்கம் இருப்பர். எல்லோருக்கும் ஓரளவு நன்றாய்க் கேட்கும் வண்ணம் ஒலி பரந்து செல்லுதல் வேண்டும். கலையகத்திலோ பெரும்பாலும் ஒருவரே கேட்கிறார். மேசையின் மீது வைக்கப்படும் சிறு மொனிட்டர்கள் ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரத்திற் கேட்பதற்கென அமைந்தவை. இரு பெட்டிகளும் கேட்பவர் தலையும் சமபக்க முக்கோணத்தின் மூன்று முனைகளாக அமையும். உச்ச ஒலி தரும் சிறு கூம்பு செவியின் உயரத்தில் இருக்கும். இவ்வளவு அருகில் அமர்வதற்குக் காரணமுண்டு. தூரம் கூடுந்தோறும் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி நேர் ஒலியோடு மிகுதியாய்க் கலக்கும். அருகில் இருந்தால் நேர் ஒலியே மேலோங்கும். அறையின் குணம் குறைவாகவே குறுக்கிடும்.

இரண்டாவது, மின்சக்தி தரும் முறை. இல்லத்துப் பெட்டிகளுட் பல, புறத்தேயுள்ள அம்பிளிபயருடன் கம்பியால் இணைக்கப்படுவன. இன்றைய கலையக மொனிட்டர்களுட் பெரும்பாலானவற்றில் அம்பிளிபயர் பெட்டிக்குள்ளேயே உண்டு. மந்தர ஒலிக் கூம்புக்கு ஒன்று, உச்ச ஒலிக் கூம்புக்கு ஒன்று எனத் தனித்தனியே அமைவதும் வழக்கம். கூம்பும் அம்பிளிபயரும் ஒன்றற்கொன்று பொருந்துமாறு தொழிற்சாலையிலேயே அளந்து அமைக்கப்படுவதால், வாங்கியவர் தவறான பொருத்தம் செய்ய இடமில்லை. பெட்டியின் பின்புறத்திலே சிறு ஆளிகளும் இருக்கும். சுவரோரத்தில் வைத்தால் மந்தர ஒலி பெருகும். மூலையில் வைத்தால் மேலும் பெருகும். அப்பெருக்கத்தைக் குறைப்பதற்கே அவ்வாளிகள்.

மூன்றாவது, உழைப்பும் ஒத்த தன்மையும். கலையக ஒலிபெருக்கி நாள்தோறும் பல மணி நேரம் இயங்க வேண்டியது. கருவி கீழே விழுதல், கம்பி கழலுதல் முதலியவற்றால் எழும் திடீர் அதிர்ச்சிகளையும் அது தாங்குதல் வேண்டும். அன்றியும், ஒரு பெட்டி பழுதானால் அதனிடத்தில் வைக்கப்படும் மற்றொன்று முன்னதைப் போலவே ஒலித்தல் இன்றியமையாதது. இல்லத்துப் பெட்டியிலே மரத்தின் மெருகும் வரவேற்பறைக்கு ஏற்ற வடிவும் மதிக்கப்படும். கலையகத்துப் பெட்டி பெரும்பாலும் கறுப்பு நிறப் பெட்டியாய், எவ்வித அலங்காரமுமின்றி நிற்கும்.

இவ்வளவும் கூறியபின், இவ்விரு இனங்களுக்குமிடையே கடக்கவொண்ணாத மதில் இருப்பதாக நேயர்கள் கருதிவிடலாகாது. வரலாறு அவ்வாறு கூறவில்லை. கலையகத்திற்கென்று பிறந்து வீட்டிற் குடிபுகுந்த பெட்டியும் உண்டு. வீட்டிற்கென்று பிறந்து கலையகத்தில் அரசு செலுத்திய பெட்டியும் உண்டு.

முன்னதற்குச் சான்று, பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகிய பி.பி.சி. உருவாக்கிய ‘எல்.எஸ். 3/5ஏ’ என்னும் சிறு ஒலிபெருக்கி. இசைக் கலையகங்களை எட்டிலொரு பங்கு அளவிலே மாதிரியாகக் கட்டி, அவற்றுள் ஒலியின் போக்கை ஆராய்வதற்கு அவர்களுக்கு ஒரு சிறு பெட்டி தேவைப்பட்டது. அதனின்று வளர்ந்ததே இது. 1970களின் முற்பகுதியிலே, வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் இடுக்கமான அறைக்குள் வைத்துப் பேச்சைச் சோதிக்கும் தேவைக்கென இது செப்பஞ் செய்யப்பட்டது. உயரம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர், அகலம் 19, ஆழம் 16. அதன் ஆக்கம் பற்றிய ஆய்வறிக்கையைப் பி.பி.சி. 1976இல் வெளியிட்டது. பெட்டியின் சுவர் மெல்லிய பலகை. அது தானே அதிர்ந்து குரலோடு கலவாதபடி உட்புறத்தில் அதிர்வைத் தணிக்கும் பொருள் ஒட்டப்பட்டிருந்தது.

பி.பி.சி. ஆய்வாளர் கையாண்ட சோதனை முறை எளியது, கடுமையானதுங்கூட. கலையகத்திலே ஒருவர் பேசுவதை நேரே கேட்பர். உடனே அடுத்த அறைக்குச் சென்று அதே குரலை ஒலிபெருக்கியிற் கேட்பர். அளவுகருவிகள் கூறுவதோடு இவ்வொப்பீட்டையும் சேர்த்தே தீர்ப்பளிப்பர். மனிதக் குரலைச் சோதனைப் பொருளாகத் தேர்ந்தமைக்குக் காரணம் வெளிப்படை. பிறந்த நாள்தொட்டு நாம் மிகுதியாகக் கேட்டுப் பழகிய ஒலி அதுவே. அதிற் சிறு மாற்றம் நிகழினும் செவி உடனே கண்டுகொள்ளும். பேச்சைச் சோதிக்கப் பிறந்த இப்பெட்டி, உரிமம் பெற்ற பல நிறுவனங்களால் ஆக்கப்பட்டு, இங்கிலாந்திலும் யப்பானிலும் ஹொங்கொங்கிலும் இசை அன்பர்களின் வீடுகளிலே இடம்பெற்றது. அதன் உற்பத்தி பல பத்தாண்டுகளாக நீடித்து வந்துள்ளது.

பின்னதற்குச் சான்று, யப்பானிய நிறுவனமாகிய யமஹா 1978இல் வெளியிட்ட ‘என்.எஸ். 10’. வெள்ளை நிறக் கூம்புடைய இப்பெட்டி இல்லத்துப் புத்தக அடுக்கிலே வைப்பதற்கென ஆக்கப்பட்டது. வீடுகளிலே அது பெரிதும் வரவேற்கப்படவில்லை. மந்தர ஒலி குறைவு. இடை ஒலியோ துருத்திக்கொண்டு நிற்கும். நெடுநேரம் கேட்டால் இன்பந் தராது. ஆனால், 1980களிலே அமெரிக்கா முதலிய நாடுகளின் ஒலிப்பதிவாளர்கள் அதனைத் தேடி வைத்துக்கொண்டனர். குரலும் பெரும்பாலான இசைக்கருவிகளும் ஒன்றோடொன்று மோதும் இடம் அந்த இடை ஒலிப் பகுதியே. அங்குள்ள பிழையை அப்பெட்டி மறைக்காது காட்டிற்று. பின்னர் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்ரன் பல்கலைக்கழகத்தார் அதனை ஆராய்ந்தபோது, ஓர் ஒலி நின்றவுடன் தானும் விரைந்து நின்றுவிடும் இயல்பு அதனிடம் சிறப்பாக உள்ளதெனக் கண்டனர். 2001இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. எனினும், பழைய பெட்டிகளைப் பேணி வைத்திருக்கும் கலையகங்கள் உள்ளன.

இன்னுமொரு சான்று. ‘ஓராடோன்’ என்னும் கனசதுரச் சிறு பெட்டி ஒன்றுண்டு. அதில் ஒரே ஒரு கூம்புதான். மந்தரமும் இல்லை, உச்சமும் இல்லை. மலிவான வானொலிப் பெட்டி போல ஒலிக்கும். ஆயினும், 1982இல் வெளிவந்த மைக்கல் ஜாக்சனின் ‘திரில்லர்’ இசைத்தொகுப்பை ஒலிச்சமன் செய்த புரூஸ் சுவீடியன், தம் வேலையின் பெரும்பகுதிக்கு இப்பெட்டியைப் பயன்படுத்தினார். காரணம் என்னை? கேட்போர் பலரிடம் இருப்பது சிறு பெட்டியே. அச்சிறு பெட்டியில் நன்றாய் ஒலிப்பது பெரிய பெட்டியிலும் பெரும்பாலும் நன்றாய் ஒலிக்கும். பெரிய பெட்டியில் மட்டும் நன்றாய் ஒலிப்பது சிறு பெட்டியிலே சிதைந்துவிடலாம்.

இச்சான்றுகளால் நாம் தெளிவது யாது? மொனிட்டர் என்பது பெட்டியின் சாதிப்பெயர் அன்று. அதற்கு நாம் அளிக்கும் உத்தியோகத்தின் பெயர். பெட்டியின் மேல் ‘ஸ்டூடியோ’ என்று எழுதிவிட்டால் மட்டும் அது உண்மை பேசத் தொடங்கிவிடாது. அவ்வெழுத்தைத் தாங்கிய மலிவுப் பெட்டிகள் பல, இல்லத்துப் பெட்டிகளைப் போலவே மந்தரத்தை மிகைப்படுத்தி ஒலிக்கின்றன. மறுபுறம், கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையிலே பிளோயிட் ரூல் என்னும் அறிஞர் 1980களில் நடத்திய சோதனைகளை நோக்குக. ஒலிபெருக்கி எதுவென்று தெரியாதபடி மறைத்துவைத்துக் கேட்கச் செய்தபோது, பெரும்பாலானோர் விரும்பியது மேடு பள்ளமின்றி ஒலிக்கும் பெட்டியையே. ஆதலின், சிறந்த இல்லத்து ஒலிபெருக்கியும் சிறந்த கலையக ஒலிபெருக்கியும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. மிகையான ஓசை கடையிலே ஐந்து நிமிடம் கேட்கும்போது கவரும். வீட்டிலே நாள்தோறும் கேட்கும்போது சலிக்கும்.

இனி, பயனுள்ள சில குறிப்புகளைக் கூறி முடிப்பேன்.

கேட்டு மகிழ்வது மட்டுமே உங்கள் நோக்கமாயின், இல்லத்து ஒலிபெருக்கியையே வாங்குங்கள். கலையகப் பெட்டி பழைய இசைத்தட்டுகளின் இரைச்சலையும் பதிவின் குறைகளையும் இரக்கமின்றி எடுத்துக் காட்டும். கிட்ட அமர்ந்து கேட்பதற்கென அமைந்த சிறு மொனிட்டர், பெரிய மண்டபத்தின் பின்வரிசைக்குப் பயன்படாது. பாடசாலை மண்டபத்துக்கென மேசை மொனிட்டர்களை வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும்.

பாடத்தையோ பாட்டையோ பதிவு செய்து பிறருக்கு அனுப்புவது உங்கள் நோக்கமாயின், உண்மை பேசும் பெட்டி ஒன்று வேண்டும். அதனை வாங்குமுன் பி.பி.சி. ஆய்வாளர் செய்ததையே நீங்களும் செய்யலாம். நீங்கள் நன்கறிந்த ஒருவரின் குரலைப் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள். இயலுமாயின் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவர் பேச்சையும் பெட்டியின் பேச்சையும் மாறி மாறிக் கேளுங்கள். பெட்டியில் அவர் தடிமன் பிடித்தவர்போலவோ, பானைக்குள் இருந்து பேசுபவர்போலவோ தோன்றினால் அதனை விட்டுவிடுங்கள்.

பெட்டியை மூலையில் வைக்காதீர்கள். வெறுஞ்சுவர்களும் சீமெந்து நிலமுமுள்ள அறையிலே தடித்த திரைச்சீலையும் புத்தக அலுமாரியும் செய்யும் உதவியை விலையுயர்ந்த பெட்டியும் செய்ய இயலாது.

ஒலியின் அளவை எப்பொழுதும் ஒரே மட்டத்தில் வைத்துக் கேளுங்கள். தாழ்ந்த அளவிற் கேட்கும்போது நம் செவி மந்தர ஒலியைக் குறைவாகவே உணர்கின்றது. பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் இதனை அளந்து வெளியிட்டனர். உரக்க வைத்துச் சமன் செய்த பதிவு, மெல்லக் கேட்பவர் வீட்டிலே உயிரற்றுத் தோன்றுவது இதனாலேயே.

இறுதியாக, முடிந்த பதிவை மிகச் சிறிய கருவி ஒன்றிலும் கேளுங்கள். எமது பாடசாலையில் இப்பொழுது இவ்வழக்கம் உண்டு. பதிவு செய்யப்பட்ட பாடம், அளவான விலையில் வாங்கிய மொனிட்டரிலே முதலிற் சோதிக்கப்படுகின்றது; பின்னர் மாணவரிடம் உள்ளது போன்ற சாதாரணத் தொலைபேசியிலும் கேட்கப்படுகின்றது. வளியும் வழியும் வலியும் இரண்டிலும் வேறுவேறாகக் கேட்ட பின்னரே அப்பாடம் பிள்ளைகளின் கைக்குச் செல்லும்.

நல்ல கலையக ஒலிபெருக்கியை வைத்திருப்பது ஆடம்பரமன்று. நாம் ஒருபோதும் காணப்போகாத ஒருவருக்கு நாம் செலுத்தும் மதிப்பு அது. எங்கோ ஓர் ஊரில், சிறு கருவியொன்றைக் காதோடு அணைத்து, நம் சொல்லை மட்டுமே நம்பியிருக்கும் ஒருவர் இருக்கிறார். அவருக்கு நம் எழுத்தொன்றும் சிதையாமற் சென்றடைய வேண்டும்.